எந்த அதியமான்?

சென்ற மாதம் தருமபுரியில் என் தமக்கையின் வீட்டிற்குப் போயிருந்தேன். வீடு அல்லோலகல்லோலமாக இருந்தது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஔவையும் அதியமானும் வரும் நாடகம் ஒன்று. அதில் தமக்கையின் மகளுக்கு ஔவை வேஷம். பஞ்சைப் பிரித்து நரைமுடி செய்வதில் ஒருத்தியும், அலமாரியின் பின்னாலிருந்து பாட்டியின் கைத்தடியைத் தேடி எடுப்பதில் மற்றொருத்தியுமாக எல்லாரும் முனைந்திருந்தார்கள். ஔவையோ ஊஞ்சலில் சம்மணமிட்டு உட்கார்ந்து புஸ்தகம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "மாமா, ஒரு சந்தேகம்" என்றாள்.

"கேள், அம்மா."

"நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தானே அதியமான், அவன் அப்புறம் எப்படிச் செத்தான்?"

தருமபுரிக்காரர்களிடம் வந்து இதைத் தெரியாது என்று சொல்லலாமா? "தகடூர்ப் போரில் சேரன் கையால் இறந்தான்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

"இந்தப் புஸ்தகத்தில் தகடூர்ப் போரில் இறந்தவன் எழினி என்று இருக்கிறதே. நெல்லிக்கனி கொடுத்தவன் அஞ்சி. இன்னொரு புஸ்தகத்தில் அதியமான் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் திருமலையில் திருப்பணி செய்தான் என்று போட்டிருக்கிறார்கள். அவன் எத்தனை வருஷம் இருந்தான், மாமா? நெல்லிக்கனியில் பாதியை அவனும் தின்றுவிட்டானா?"

நான் காபி சாப்பிடுவதில் மிகவும் கவனமாக இருந்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஊர் திரும்பியதும் புறநானூற்றையும் கல்வெட்டுத் தொகுதிகளையும் கையில் எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு எழுத உத்தேசித்த கடிதமே இந்தக் கட்டுரையாக வளர்ந்தது.

தொல்லையின் மூலகாரணம் நம்முடைய ஒரு நல்ல வழக்கம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் தொன்றுதொட்டு வருவது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபுதான். பெயரைத் தாங்கியவன் என்று பொருள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று இருந்த வீடுகளில், பெற்ற பிள்ளையைக் கூப்பிடவே வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. 'பெரியவன்', 'ராஜா', 'துரை' என்று அழைக்கப்பட்ட எத்தனையோ பேருக்கு உண்மைப் பெயர் என்னவென்று கல்யாணப் பத்திரிகை அச்சாகும்போதுதான் ஊருக்குத் தெரியவந்தது!

என் குடும்பத்திலும் இந்தக் கதை உண்டு. என் பாட்டனாருக்கு அவருடைய பாட்டனாரின் பெயர். பழைய பெட்டியில் கிடந்த ஒரு கிரயப் பத்திரத்தில் அந்தப் பெயரைக் கண்டு, நிலத்தை விற்றவர் என் பாட்டனார்தான் என்று பல வருஷம் நாங்கள் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் என் தகப்பனார் பத்திரத்தின் தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டார். அந்தத் தேதியில் பாட்டனாருக்கு வயது நாலு. பால் பல் விழாத பிள்ளையா நன்செய் நிலத்தை விற்றிருக்கும்? பழி இரண்டு தலைமுறை மேலே ஏறிற்று.

நம்மைப்போலவே பெயரிட்டுத் திண்டாடியவர்கள் கடல் கடந்தும் இருக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ். ஆறாவது ஜனாதிபதி அவருடைய மகன் ஜான் குவின்ஸி ஆடம்ஸ். 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் பெஞ்சமின் ஹாரிஸன் ஒருவர். அவர் மகன் வில்லியம் ஹென்றி ஹாரிஸன் ஒன்பதாவது ஜனாதிபதி. அவருடைய பேரன் இருபத்துமூன்றாவது ஜனாதிபதி. அந்தப் பேரனின் பெயரும் பெஞ்சமின் ஹாரிஸன்தான்! இவர்கள் எல்லாரையும்விடச் சாமர்த்தியசாலி சார்லஸ் காரல் என்பவர். மேரிலாந்தில் அவருடைய பாட்டனார் சார்லஸ் காரல், தகப்பனார் சார்லஸ் காரல், தாயாதி முறையில் வக்கீலாக இருந்த ஒருவரும் சார்லஸ் காரல். ஆகவே இவர் தம் பண்ணையின் பெயரைச் சேர்த்து, 'காரல்டன் சார்லஸ் காரல்' என்று கையெழுத்துப் போட்டார். பிரகடனத்திலும் அப்படியே இருக்கிறது. வருங்காலச் சரித்திரக்காரர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நம் அதியமானும் அப்படிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறான் என்றால் நேயர்கள் நம்புவார்களா? போட்டிருக்கிறான், கல்லில்! அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். 'அதியமான்' ஒரு மனிதனின் பெயர் அன்று. அதியர் என்ற குலத்தின் தலைவனுக்கு உரிய பெயர். அதியன், அதிகன், அதிகமான் என்று இதற்கே பல உருவங்கள். சோழன், பாண்டியன் என்று சொன்னால் எந்தச் சோழன், எந்தப் பாண்டியன் என்று கேட்கிறோம் அல்லவா? அதியமான் என்றாலும் அப்படிக் கேட்க வேண்டும். 'நெடுமான்' என்பது பெருமைப் பெயர். 'அஞ்சி' என்பதுதான் தாய் தகப்பன் வைத்த பெயர். அதேபோல் 'எழினி' என்பதும் இயற்பெயர். அதற்குத் திரைச்சீலை என்று பொருள். இந்தப் பொருளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

1894-இல் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் புறநானூற்றை அச்சிட்டு உதவியபோது, ஏட்டில் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் இருந்த குறிப்புகளையும் சேர்த்தே பதிப்பித்தார்கள். யார் பாடினார், யாரைப் பாடினார் என்று அவை சொல்லுகின்றன. அவற்றின்படி அதியமான் நெடுமான் அஞ்சி தகப்பன். பொகுட்டெழினி அவன் மகன். ஔவையார் இருவரையும் பாடினார். இது வரையில் தகராறு இல்லை.

ஆனால் குறிப்பு வேறு, பாட்டு வேறு. குறிப்பு பிற்காலத்தில் தொகுத்தவர்கள் எழுதியது. பாட்டு புலவர் வாக்கு. ஆகையால் பெயர் பாட்டின் உள்ளேயே வருகிறதா என்று பார்ப்பது நல்லது. நெல்லிக்கனிப் பாட்டில், அதாவது 91-ஆம் பாட்டில், அதியர் தலைவன் அஞ்சி என்றே ஔவையார் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். எனவே கனி கொடுத்தவன் அஞ்சிதான்; இதைப் பற்றி என் மருமகள் கவலைப்பட வேண்டாம். 392-ஆம் பாட்டிலோ அதியர் தலைவன் எழினி என்று பெயர் வருகிறது. குறிப்பு அவனை மகன் என்கிறது. கரும்பை இந்த நாட்டிற்குக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தவன் என்று 99-ஆம் பாட்டில் அஞ்சிக்குச் சொன்ன பெருமையையே இங்கே எழினிக்கும் ஔவையார் சொல்லுகிறார். தகப்பனுக்கும் மகனுக்கும் முன்னோர் ஒருவர்தானே!

சங்கடம் வள்ளல்களின் கணக்கில் ஆரம்பமாகிறது. கடையெழு வள்ளல்கள் யார் யார் என்று சொல்லும் பழைய நூல்கள் இரண்டு. சிறுபாணாற்றுப்படையில் பாரி, காரி முதலியவர்களோடு ஒருவனாக நிற்பவன் அதிகன். ஔவைக்குக் கனி கொடுத்தவன் என்றும் அங்கே அடையாளம் இருக்கிறது. புறநானூறு 158-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனாரும் ஏழு பேரைச் சொல்லுகிறார். மற்ற ஆறு பேரும் வந்துவிடுகிறார்கள். அதிகன் இருக்க வேண்டிய இடத்தில் குதிரைமலைக்குரிய எழினி இருக்கிறான். பந்தியில் ஏழு இலை. ஏழாவது இலையில் உட்கார்ந்திருப்பவன் யார்?

இருவரும் ஒருவனே என்று சொல்லிவிட்டால் சௌகரியமாக இருக்கும். பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் சில விஷயங்கள் இடிக்கின்றன. 99, 100-ஆம் பாட்டுகளில் அஞ்சி அணிந்திருப்பது பனம்பூ மாலை, சேரர்களுக்கு உரிய அடையாளப் பூ. 158-இல் எழினி சூடியிருப்பது கூவிளங் கண்ணி, அதாவது வில்வம். வளைந்த அணி பூண்டவன் என்ற அடைமொழி ஒன்றும் அந்த எழினிக்கு அங்கே இருக்கிறது. அதே அடைமொழியை 392-இல் மகன் எழினிக்கு ஔவையார் கொடுத்திருக்கிறார். அப்படியானால் ஏழாவது வள்ளல் மகனா? அதுவும் பொருந்தவில்லை, கனி கொடுத்தவன் என்று சிறுபாணாற்றுப்படை சொல்லுகிறதே. தவிரவும், 158-ஆம் பாட்டைப் பாடிய காலத்தில் ஏழு வள்ளல்களும் மறைந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு குமணனை நாடி வந்ததாகவே புலவர் பேசுகிறார். அந்தப் பெருஞ்சித்திரனாரே ஒரு சமயம் அஞ்சியின் வாசலுக்குப் போனவர். தம்மை நேரில் காணாமல் பரிசை மட்டும் கொடுத்தனுப்பினான் என்று கோபித்துக்கொண்டு அதை வாங்க மறுத்தவர். அஞ்சியை நன்றாக அறிந்த மனிதர், அவனையே சொல்ல விரும்பியிருந்தால் அஞ்சி என்று சொல்லாமல் எழினி என்று ஏன் சொன்னார்?

இங்கே என் ஊகம் ஒன்றைச் சொல்லுகிறேன். ஊகம் என்றே கொள்ளுங்கள். மகனுக்கு வெறும் எழினி என்று இல்லாமல் 'பொகுட்டு' எழினி என்று அடை கொடுத்திருக்கிறார்களே, அது எதற்கு? வீட்டில் வேறு ஓர் எழினி இருந்திருந்தால்தானே அடை தேவைப்படும்? காரல்டன் சார்லஸ் காரல் செய்த காரியம் போன்றது இது. பாட்டன் எழினி, மகன் அஞ்சி, பேரன் பொகுட்டெழினி என்று வைத்துப் பார்த்தால் நம் வீட்டு வழக்கத்திற்கு ஒத்துவருகிறது. குதிரைமலை எழினி அந்தப் பாட்டனாக இருக்கலாம். இதற்குக் கல்லில் சாட்சி இல்லை.

எழினிகளின் தொகை இதோடு முடியவுமில்லை. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவரில் ஓர் எழினி உண்டு என்று அகநானூற்றில் நக்கீரர் சொல்லுகிறார். சோழனுக்காக நடந்த யானை வேட்டைக்கு வராத குற்றத்திற்காக மத்தி என்பவன் ஓர் எழினியின் பல்லைப் பிடுங்கி, வெண்மணி என்னும் ஊரின் வாயிற்கதவில் பதித்தான் என்கிறார் மாமூலனார். அந்தப் பல்லும் தகடூர் எழினியின் பல்தான் என்று யாராவது எழுதினால் கொஞ்சம் யோசித்து நம்புங்கள். அதிகன்களிலும் ஒருவன் வாகைப் பறந்தலையில் பாண்டியனுக்காகச் சண்டையிட்டு யானையோடு மாண்டான். கொங்கர்கள் அதைக் கண்டு ஆரவாரித்தார்கள் என்று குறுந்தொகையில் பரணர் பாடியிருக்கிறார். அதே பரணர் அஞ்சியின் கோவலூர் வெற்றியைப் பாடியதாக ஔவையார் சொல்லுகிறார். ஒருவனே கோவலூரில் ஜயித்து வாகையில் இறந்தானா, அல்லது இருவரா?

இனித் தகடூர்ப் போருக்கு வருவோம். மருமகள் கேட்ட கேள்வி இதுதான்.

தகடூரை அழித்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து அவன் மேல் அரிசில் கிழார் பாடியது. வென்றவனைப் பாடிய அதே புலவர், தோற்று விழுந்தவனுக்காகவும் அழுதிருக்கிறார். அது புறநானூற்று 230-ஆம் பாட்டு. விதை நெல்லைச் சமைத்துத் தின்ற அறிவில்லாத உழவனைப்போல் கூற்றுவன் நடந்துகொண்டான் என்று புலம்புகிறார். விழுந்தவன் பெயர் பாட்டின் உள்ளேயே இருக்கிறது: எழினி. அஞ்சி என்ற பெயர் அங்கே இல்லை. குறிப்பிலும் எழினிதான். ஆனால் குறிப்பில் 'அதியமான்' என்ற சொல் முதலில் நிற்கிறது. அது அடுத்து வரும் தகடூரோடு சேருமா, கடைசியில் வரும் எழினியோடு சேருமா? முதல் விதமாகப் படித்தால், அதியமானுடைய தகடூரில் யாரோ ஓர் எழினி போரிட்டு மாண்டான். இரண்டாவது விதமாகப் படித்தால், எழினி என்னும் அதியமானே மாண்டான். ஒரு சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஒரு குலத்தின் கதையே இருக்கிறது! இந்தப் போரை விரிவாகப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்ற நூல் முழுதும் கிடைத்திருந்தால் வழக்குத் தீர்ந்திருக்கும். சில பாட்டுகளைத் தவிர மற்றவை மறைந்துபோயின.

அஞ்சி எப்படி இறந்தான்? மார்பில் வேல் தைத்து இறந்தான். 235-ஆம் பாட்டு அதைச் சொல்லுகிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் பாத்திரத்தையும் புலவர்களின் நாவையும் துளைத்துச் சென்றது என்ற கருத்தில் ஔவையார் கதறுகிறார். எந்தப் போரில், யார் எறிந்த வேல் என்பது அந்தப் பாட்டில் இல்லை. அந்த வேலைச் சேரன் கையில் கொடுத்து, களத்தைத் தகடூர் என்று வைத்தது பிற்காலத்தார் செய்த இணைப்பு. நான் காபி குடித்துக்கொண்டே சொன்னேனே, அதே பதில்.

என்னைக் கேட்டால், தகடூரில் விழுந்த எழினி அஞ்சி அல்லன் என்றே சொல்லுவேன். அவனை நன்கு அறிந்த புலவர் அழும்போது பெயரை மாற்றி அழமாட்டார். மகன் பொகுட்டெழினியாகவே அவன் இருக்கக்கூடும். அப்படியானால் தகப்பனின் நடுகல்லைக் கண்டு அழுத ஔவை, மகனின் ஊர் அழிந்ததையும் கண்டாரா என்று நினைக்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

இப்போது கல்லில் போட்ட கையெழுத்தின் கதை. அசோக சக்கரவர்த்தி தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில், தெற்கே தம் ஆட்சிக்கு உட்படாத நாட்டாராகச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என்று சொல்லியிருக்கிறார். மற்ற மூவரும் தெரிந்தவர்கள். சதியபுத்திரர் யார்? காஞ்சிக்காரர்கள் என்றார் ஒருவர். கோசர் என்றார் ஒருவர். துளு நாட்டார் என்றார் இன்னொருவர். பல வருஷம் இந்தச் சண்டை நடந்தது. 1981-இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற கிராமத்துக் குன்றில், குகை ஒன்றில் பழைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் ஒரே வரியாக வெட்டப்பட்டிருப்பதைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் கண்டார்கள். சதியபுதோ, அதியன், நெடுமான், அஞ்சி என்று பெயரை முழுக்கச் சொல்லி, அவன் கொடுத்த உறைவிடம் இது என்று அந்த வரி அறிவிக்கிறது.

பட்டம், குலம், பெருமைப் பெயர், இயற்பெயர் நான்கும் ஒரே வரியில்! கோவலூரை வென்றவன் என்று ஔவையார் பாடினார்; அந்தக் கோவலூருக்கு அருகிலேயே அவன் பெயர் கிடைத்தது. தருமபுரிப் பக்கத்தைத் தொட்டுச் செல்லும் தென்பெண்ணைதான் அங்கும் ஓடுகிறது. ஆனால் இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. அசோகர் காலம் கி. மு. மூன்றாம் நூற்றாண்டு, ஜம்பை எழுத்து ஏறக்குறைய கி. பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுத்தாராய்ச்சியில் வல்லவரான ஐராவதம் மகாதேவன் கணித்தார். ஆகவே அசோகர் சொன்ன சதியபுத்திரரும் அஞ்சியும் ஒருவர் அல்லர். சதியபுதோ என்பது குலத்தோடு வழிவழி வந்த பட்டம். பட்டத்தை ஆளாக நினைத்தால், பால் பல் விழாத பிள்ளை பத்திரம் எழுதிய கதையாகிவிடும்.

சங்க காலத்திற்குப் பின்னும் அதியமான்கள் மறையவில்லை. எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் மலையில் குடைவரைக் கோயில் எடுத்த குணசீலன் தன்னை அதியர் வழியினன் என்று சொல்லிக்கொண்டான். அந்தக் கோயிலுக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர். அதே நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் காவிரியின் வடகரையில் ஓர் அதியனை முறியடித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. 1116-ஐ ஒட்டி ஹொய்சள சேனாபதி கங்கராஜன் தலைக்காட்டைப் பிடித்தபோது, சோழனுக்காக அங்கே எதிர்த்து நின்றவனும் ஓர் அதியமான்தான்.

இவர்களில் எனக்குப் பிரியமானவன் கடைசியாக வந்தவன். போளூருக்கு அருகே திருமலையில் உள்ள சமணக் கோயிலில் அவனுடைய கல்வெட்டு இருக்கிறது. 1178 முதல் 1218 வரை ஆண்ட மூன்றாம் குலோத்துங்கன் காலத்துத் தலைவன் அவன். தகடூருக்கு அதிபதி, ராஜராஜ அதிகனின் மகன். பெயர் விடுகாதழகிய பெருமாள். தொங்கும் காது அழகாக அமைந்தவன் என்று அர்த்தம். தன் முன்னோனாகிய எழினி எழுந்தருளச் செய்த யக்ஷன், யக்ஷியின் திருவுருவங்களை இவன் புதுப்பித்தான். கல்வெட்டு தமிழிலும் ஸம்ஸ்கிருதத்திலும் இருக்கிறது. ஸம்ஸ்கிருதத்தில் எழுதியவர் பெயர்களையும் விடவில்லை, மொழிபெயர்த்துவிட்டார்! விடுகாதழகியன் அங்கே 'வியாமுக்த சிரவணோஜ்வலன்' ஆகிவிட்டான். எழினி திரைச்சீலை அல்லவா? ஆகையால் அவன் 'யவனிகா' ஆனான். தமிழ்ப் பகுதி மட்டும் சிதைந்துபோயிருந்தால், யவனிகன் என்ற புதிய ராஜா ஒருவனை நம் சரித்திரப் புஸ்தகங்களில் குழந்தைகள் உருப்போட்டுக்கொண்டிருப்பார்கள். 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்ட ஹுல்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் இரண்டு பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாரோ, நாம் பிழைத்தோமோ!

இந்தக் கல்வெட்டில் வேடிக்கை இன்னொன்று. எழினியைச் சேர வம்சத்தவன் என்று அது பெருமையோடு சொல்லுகிறது. தகடூரை இடித்துத் தரைமட்டமாக்கிய சேரனின் வம்சம்! அஞ்சி பனம்பூ அணிந்ததைப் பார்த்தால் இந்த உறவு பழையதாகவே இருக்கலாம். பங்காளிச் சண்டை என்றுமே மூர்க்கமானதுதானே?

இவ்வளவையும் எழுதித் தமக்கை மகளுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஔவையாரிலும் ஒருவருக்கு மேல் உண்டாமே, புறநானூற்று ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறாமே, அதைப்பற்றி மாமா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருந்தாள். நாடகத்தில் கனி வாங்கும் காட்சிக்குப் பிறகு அவள் ஆத்திசூடி சொல்ல வேண்டுமென்று வாத்தியார் எழுதிவைத்திருந்தாராம். 'அது அந்தப் பாட்டி இல்லை, ஸார்' என்று இவள் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் யோசித்துப் பார்த்து அந்த இடத்தை அடித்துவிட்டாராம். அதியமான் வேஷம் போட்ட பெண்ணும் மேடையில் வந்து நின்று, "நான் அதியமான் நெடுமான் அஞ்சி" என்று முழுப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் கனியைக் கொடுத்தாளாம்.